யாரும் எதுவும் சொல்லவில்லை

மனிதவளப் பிரிவில் எல்லோருக்கும் அவள் அக்கா. கடல் தாண்டி இருக்கும் கிளையின் நாற்பது பேரை ஆறு வருஷமாகத் திரை வழியாகவே கட்டி மேய்த்தவள். பிரிவின் தலைமைப் பதவி காலியானதும் அது தனக்குத்தான் என்று இருந்தாள். போன மாதம் சேர்ந்த சின்னவளிடம் மேலாளர் அந்தக் கிளையை ஒப்படைத்து, "இதை நல்லா முடிச்சா பதவி உனக்குத்தான்" என்றபோது அக்காவுக்கு வயிறு எரிந்தது. அந்தப் பெண் சிரித்தால்கூடப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று காணொளிக் கூட்டம். புது ஷிஃப்ட் நேரத்தைச் சின்னவள் அழகாக விளக்கினாள். "யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

திரையில் நாற்பது தலைகள் குனிந்தன. ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை.

அக்காவுக்கு அது அத்துப்படி. அந்த நாட்டுக்காரர்கள் மேலே இருப்பவரின் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லவே மாட்டார்கள். தலை குனிந்தால் மாட்டேன் என்று அர்த்தம். பிறகு ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டுப் பேசினால்தான் வாயைத் திறப்பார்கள்.

சின்னவள் மைக்கை அணைத்துவிட்டு, "எல்லாருக்கும் சம்மதம்தானேக்கா?" என்றாள்.

சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. அக்கா பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள்.

"நீ நல்லாப் பேசினே."

அடுத்த வாரம் அந்தக் கிளையிலிருந்து பதினோரு ராஜினாமாக் கடிதங்கள் வந்தன. மேலாளர் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டுக் குதி குதியென்று குதித்தார். "இவ புதுசு. நீங்க பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அக்கா மேஜைமேல் கிடந்த கடிதங்களைப் பார்த்தாள்.

"சொன்னாங்க சார்," என்றாள் சின்னவள். "பொறுமையா போன்னு சொன்னாங்க. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

வெளியே வந்ததும் அக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "ஏண்டி பொய் சொன்னே?"

"முன்னாடி நான் வேலை பார்த்த நாட்டுல, மூத்தவங்களை மேலதிகாரி முன்னாடி விட்டுக்கொடுக்க மாட்டாங்கக்கா. எனக்கும் அது பழகிடுச்சு. அவங்க தலை குனிஞ்சதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கும் தெரிஞ்சிருக்காதுல்ல? தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பீங்களே."

"ஆமா" என்றாள் அக்கா.

சாயங்காலமே பதவி அக்காவுக்கு வந்தது. முதலில் கைகொடுத்தது சின்னவள்தான். அந்த முகத்தில் ஒரு சின்னச் சுணக்கமாவது இருக்குமா என்று அக்கா தேடித் தேடிப் பார்த்தாள், இல்லை. பதவி கைக்கு வந்த பிறகும் அவளைப் பார்த்தால் அக்காவுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.