முதல்முறை வருபவர்களுக்கு நான் சொன்னது

"யாரு கூப்பிட்டாலும் நிக்கக் கூடாதுன்னா, வழி தெரியலைன்னா யாருகிட்ட கேக்கறது?"

நெப்ராஸ்காவிலிருந்து வந்த ஒன்பது வயது ட்ரூடி இப்படிக் கேட்டபோது நான் சிரித்துவிட்டேன். நியூயார்க்கில் ஒரு சின்ன ஹோட்டலில் இருபத்திரண்டு வருடமாகப் பெட்டி தூக்குகிறேன். புதிதாக வருகிறவர்களுக்குப் புத்தி சொல்வது என் வேலை இல்லை. ஆனாலும் சொல்வேன். எங்கள் ஊர் பொல்லாதது என்று சொல்லிக்கொள்வதில் எங்களுக்கு ஒரு மிடுக்கு.

அந்தச் சனிக்கிழமை காலையும் ஆரம்பித்தேன். "கட்டடத்தை அண்ணாந்து பாத்துக்கிட்டே நடக்காதீங்க சார், கீழ பர்ஸ் தனியா நடந்து போயிடும். நடைபாதை நடுவுல நிக்காதீங்க. இனாம்னு எவன் எதை நீட்டினாலும் வாங்காதீங்க. முக்கியமா, யாராவது பேச்சுக் குடுத்தா காது கேக்காத மாதிரி இருந்துடுங்க."

ட்ரூடியின் அப்பா ஹார்லன் பள்ளிப்பிள்ளை போலத் தலையாட்டினார். அம்மா லொரீன் எதையும் கவனிக்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்கு எந்த ரயில்? அதை மட்டும் சொல்லுங்க. எங்க அக்கா வெர்னா சாகக் கிடக்கறா. அம்மா வீட்டை வித்ததுல சண்டை, ஒன்பது வருஷமாப் பேச்சே இல்ல. எனக்குக் கோபம் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்."

ரயிலைச் சொன்னேன். சனி, ஞாயிறில் தண்டவாள வேலை நடக்கும், ரயில்கள் சில நிறுத்தங்களில் நிற்காமல் போகும் என்பது இந்த ஊரில் பிறந்த எவருக்கும் தெரியும். திருடர்களைப் பற்றிச் சொல்லும் சுறுசுறுப்பில் அதைச் சொல்ல மறந்தேன்.

மாலையில் மூவரும் திரும்பி வந்தார்கள். ஹார்லன்தான் பேசினார்.

"ரயில்ல ஒருத்தன், சட்டையெல்லாம் பெயிண்ட். எங்க கையில இருந்த பூவைப் பாத்துட்டு, 'ஆஸ்பத்திரிக்கா? இது இன்னிக்கு அங்க நிக்காது, இறங்குங்க'ன்னு கத்தினான். நான் திரும்பவே இல்ல. அவன் என் தோளைத் தொட்டான். பர்ஸைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன்."

ரயில் அவர்களை எங்கோ கொண்டுபோய் விட்டது. வழி கேட்கப் பயந்து சுற்றி, இரண்டரை மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வெர்னா ஒன்றே முக்காலுக்கு இறந்திருந்தாள். தங்கை வந்தாளா என்று இரண்டு முறை கேட்டாளாம்.

"என்னை மன்னிச்சிடுங்கம்மா," என்றேன்.

"நீங்க எங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க," என்றாள் லொரீன்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதன்பின் சனிக்கிழமை வேலையை மதியத்துக்கு மாற்றிக்கொண்டேன். "கிழவனுக்கு சனிக்கிழமை காலையில யாரோ காத்துக்கிட்டிருக்காடா!" என்று எங்கள் ஹோட்டல் கதவுக்காரன் டெஸ்மண்ட் கிண்டலடித்தான். காலை எட்டு மணிக்கு அந்த ஆஸ்பத்திரி ரயிலின் பிளாட்பாரத்துக்குப் போய், ஏறுகிறவர்களிடம் இது எங்கெங்கே நிற்காது என்று சொல்வேன். சிலர் நன்றி சொல்வார்கள். பலர் கைப்பையை இறுக்கிக்கொண்டு நகர்வார்கள். அந்த முகங்கள் எனக்கு நன்றாகவே புரியும்.

ஒரு நாள், கஞ்சி போட்ட சட்டை அணிந்த முதியவர் ஒருவர் முகவரிச் சீட்டோடு ஏறினார். ஆஸ்பத்திரியின் பெயர் அதில் தெரிந்தது.

"ஐயா, இது அங்க நிக்காது. ரயிலுக்குப் பதிலா மேல தெருவுல பஸ் விட்டிருக்காங்க."

அவர் நேராகப் பார்த்தபடி நின்றார். கதவு மூட வந்தது. நான் குறுக்கே காலை வைத்தேன்.

"யோவ், கதவை விடுய்யா!" என்று உள்ளேயிருந்து ஒருவன் கத்தினான். "உனக்குப் பொழுது போகலைன்னா நாங்களா கிடைச்சோம்?"

"திட்டுங்க, பரவாயில்ல. ஐயா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், இறங்குங்க."

என் மேல் இருந்த பயத்தில்தான் அவர் இறங்கினார் என்று நினைக்கிறேன். கதவு மூடியது, ரயில் போனது, பிளாட்பாரம் காலியாயிற்று. அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று படியேறினார். அவருக்குத் தெரியாமல் பின்னாலேயே போய், பஸ்ஸில் ஏறும்வரை படி முனையில் நின்றேன்.

பஸ் கிளம்பியதும், அவர் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டு கீழே இறங்கினேன்.