சலூன் வீட்டுப் பதிவேடு

"எட்டாவதே தாண்டாத உனக்கு இந்த ரூமைப் பத்தி என்னம்மா தெரியும்?" என்று தலைமை எழுத்தர் ஒருமுறை அவளிடம் கேட்டிருந்தார். அவர் மாற்றலாகி வந்த புதிது. அவளுக்கோ தாலுகா ஆபீஸ் ஆவண அறையைப் பெருக்கிப் பதிவேடுகளைத் தூசி தட்டும் வேலை. துடைப்பத்தோடு அடுத்த அலமாரிக்கு நகர்ந்துவிட்டாள்.

இன்று அவர் முகத்தில் ஈயாடவில்லை. வட்டத் தலைமையிடத்தைத் தங்கள் ஊருக்கு மாற்றச் சொல்லிப் பக்கத்து ஊர்க்காரர்கள் மனு போட்டிருந்தார்கள். வட்டத்தின் முதல் பதிவேடே அவர்கள் ஊரில்தான் எழுதினார்களாம். விசாரிக்க வந்த அதிகாரி, "அதைக் காட்டுங்க. எந்த ஊர்னு முதல் பக்கத்துலயே இருக்கும். பாத்துட்டு முடிவு எழுதிடறேன்" என்று உட்கார்ந்துவிட்டார்.

ஒன்றாம் எண் இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தேழு இருந்தது. அடுத்தது பன்னிரண்டு.

"எங்க ஊர்ச் சந்தையில வெங்காய மூட்டைகூட ஒழுங்கா அடுக்கியிருக்கும்" என்றார் பக்கத்து ஊர் வக்கீல். "இல்லாததை எங்க தேடுவீங்க?"

"இருக்குங்க" என்றாள் அவள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "கடைசி அலமாரி, கீழ்த்தட்டு. சலூன் வீட்டு இடம்."

"முடி வெட்டிக்கவா வந்தோம்?" என்று சிரித்தார் வக்கீல்.

"நீ சொல்லும்மா" என்றார் அதிகாரி.

"நான் கைக்குழந்தையா இருந்தப்போ வெள்ளம் வந்துச்சுங்க. ஆபீஸ்ல இடுப்பளவு தண்ணி. ஊரே வந்து வீட்டுக்கு ஒரு பதிவேடா தூக்கிட்டுப் போய்ப் பரண்ல வெச்சாங்க. தண்ணி வடிஞ்சதும் தெரு வரிசையிலயே கொண்டாந்து, வந்தது வந்தபடி அடுக்கிட்டாங்க. நம்பரை யாரும் பாக்கல. நாப்பத்தேழு டாக்டர் வீடு. பன்னெண்டு எங்க தையல்கடை, எங்கம்மா தலையில சுமந்தது. எது எந்த வீடுன்னு அவங்க சொல்லிச் சொல்லியே எனக்கு மனப்பாடம். தெருக்கோடியில சலூன்."

தலைமை எழுத்தர் மண்டியிட்டு இழுத்தார். முடி வெட்டும்போது போர்த்தும் வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தது. முதல் பக்கத்தில், முதல் எழுத்தர் கையெழுத்துக்கு மேலே, இந்த ஊரின் பெயர் அழியாமல் இருந்தது.

"எத்தனை தொலைஞ்சுது?" என்று கேட்டார் அதிகாரி.

"எதுவும் தொலையலீங்க. அறுபத்து மூணு போச்சு, அறுபத்து மூணும் வந்துச்சு."

அதிகாரி பேனாவைத் திறந்து, தலைமையிடம் இங்கேயே இருக்கட்டும் என்று எழுதினார்.

"நாளைக்கே நம்பர்படி அடுக்கிடறோம் சார்" என்ற தலைமை எழுத்தர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "வேண்டாம். எந்த நம்பர் எந்த வீடுன்னு நீ சொல்லும்மா, எழுதி ஒட்டிடறேன்."

அவள் முதல் அலமாரியிலிருந்து ஆரம்பித்தாள். டாக்டர் வீடு, தையல்கடை, மாவு மில். மாவு மில்லுக்கு வரும்போது வக்கீல் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.