வெந்த மண்

கிட்ட வந்து இருங்கள், என் செல்லங்களே. வெற்றிலைத் தட்டை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு இருங்கள். கொட்டாஞ்சேனைப் பிறிஜெற் ஒரு கூடை மண்ணால் பழி தீர்த்த கதை இருக்கிறது, சொல்கிறேன்.

கொழும்பில் இரண்டாம் உலக யுத்தகாலம். அரிசி கூப்பனுக்குப் போய்விட்டது. வீட்டுக்கு வீடு மிளகாய், தக்காளி நடச் சொன்னார்கள். ஆனால் விதைத்த பெட்டிகளில் நாற்று முளைத்ததும் அடித்தண்டு அழுகி, கழுத்தறுபட்டதுபோல் சாய்ந்துவிடும். பிறிஜெற்றின் வளவில் மட்டும் சாயாது. அவள் புருஷன் ஒஸ்வால்ட் மருதானையில் ஒரு டொக்டரின் லாபொரட்டரியில் போத்தல் கழுவினவன். அங்கே ஒரு கண்ணாடித் தட்டில் பஞ்சுபோலப் படர்ந்த பூஞ்சணம், ஒரு பொட்டு மண்ணைச் சுற்றி மட்டும் கிட்ட வராமல் நின்றதைக் கண்டான். நாற்றை அழுகவைப்பதும் இப்படிப்பட்ட பூஞ்சணம்தான், மண்ணிலிருக்கும் ஒரு நல்ல பக்ரீரியா அதை அண்டவிடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து, நாற்று அழுகாத பாத்தியில் ஒரு பிடி எடுத்து, தயிருக்கு உறை விடுவதுபோல ஒவ்வொரு புதுப் பெட்டியிலும் கலப்பான்.

ஒருதரம் ஒழுங்கையில் டைபாய்ட் என்கிற நெருப்புக்காய்ச்சல் வந்து, எல்லாவற்றையும் அவித்துப் பாவியுங்கள் என்று நகரசபை ஆள் சொல்லிப்போனான். பிறிஜெற் பெட்டி மண்ணிலும் கொதிதண்ணீர் ஊற்றிவிட்டாள். அந்தமுறை ஒரு நாற்றுக்கூட மிஞ்சவில்லை.

"காவல்காரனைக் கொன்றுபோட்டுக் கதவைத் திறந்து விட்டிருக்கிறாய், பிள்ளை," என்று ஒஸ்வால்ட் சிரித்தான்.

அந்த ஒஸ்வால்ட் நெஞ்சுவலியில் போய்விட்டான். நினைவுப் பூசை முடிந்த கையோடு அவன் தம்பி சிறில் வந்து வாசலில் நின்றான். வீடு எங்கள் தகப்பன் பெயரில், உங்களுக்குப் பிள்ளையுமில்லை, வெளிக்கிடுங்கள் என்றான்.

"சட்டி பானை எல்லாத்தையும் கொண்டு போங்க அண்ணி. நான் குறுக்க நிக்கேல்ல."

அவள் கைவண்டி பிடித்து, பாத்தி மண்ணை வழித்து ஏற்றினாள். சிறில் ஒழுங்கை முழுக்கக் கேட்கச் சிரித்தான். "மண்ணையா? மோட்சத்தில தோட்டம் வைக்கப் போறியளோ?"

சிறிலின் பெண்சாதி ஐறீன் மட்டும் குனிந்து, கடைசிப் பிடிவரை கூட்டி அள்ளிக் கொடுத்தாள். அந்தப் பெட்டிகளில் பிறிஜெற்றோடு கூட இருந்து விதைத்தவள் அவள்.

ஜிந்துப்பிட்டியில் வாடகைக்கு ஒற்றை அறை. முற்றத்து மூலையில் மண்ணை நனைத்து, சாக்குப் போட்டு மூடி வைத்தாள் பிறிஜெற். அந்தச் சிரிப்பையும் அதோடு மூடி வைத்தாள்.

சிறில் கோயில் பங்குச் சனம் முழுவதுக்கும் நாற்றுத் தருவதாகப் பங்குச் சுவாமியாரிடம் ஏற்றுக்கொண்டான். ஞாயிறு பூசையில் அவன் பெயரை வாசித்தார்கள். செம்மண் கொட்டி விதைத்தான், சாய்ந்தது. திரும்ப விதைத்தான், அதுவும் சாய்ந்தது. பிறகு ஜிந்துப்பிட்டிக்கு வந்தான், தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு.

"ஒரு கூடை மண் தாங்க அண்ணி. கோயில் வாசல்ல நாலு பேர் முகத்தில முழிக்கேலாமக் கிடக்கு."

"அண்ணன்ட மண்தானே, தம்பி. நாளைக்கு ஐறீனை அனுப்பு."

அவன் போனதும் அண்டாவை அடுப்பில் ஏற்றினாள். கூடை மண்ணில் கொதிக்கக் கொதிக்க ஊற்றினாள். ஆவி முகத்தில் அடித்தது, அவள் விலகவில்லை. ஆறவிட்டு, கிளறி, மறுபடி ஊற்றினாள். பிறகு வாழையிலையால் மூடினாள், யாருக்கோ சோறு கட்டிவைப்பதுபோல.

ஐறீன் வந்தாள். வேகிற வெயிலில் மணிக்கட்டு வரை கை நீண்ட சட்டை. சிறில் பெண்சாதிமேல் கை நீட்டுகிறவன் என்பது பிறிஜெற்றுக்குத் தெரியும். இலையை விலக்கி, பழக்க தோஷத்தில் ஐறீன் மண்ணில் மூக்கை வைத்தாள். உயிருள்ள மண்ணின் முதல் மழை வாசம் இல்லை. அவித்த கிழங்கின் வாசம். நிமிர்ந்து, அடுப்பிலிருந்த அண்டாவைப் பார்த்தாள்.

பிறிஜெற் இலையைத் திரும்ப இழுத்து மூடினாள். இவள் சிறிலிடம் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்தது.

"அவர் கேட்டா, நல்ல மண் எண்டுதானே அக்கா சொல்ல வேணும்?"

"நீ என்ன சொல்லுவாய்?"

ஐறீன் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "அவரே விதைக்கட்டும். நான் தண்ணி மட்டும் ஊத்துறன்."

கொட்டாஞ்சேனைப் பக்கம் கோயில் மணி அடித்தது. மூக்கு நுனியில் ஒட்டிய மண்ணைத் துடைக்காமலே அவள் ஒழுங்கையில் இறங்கி நடந்தாள்.

நீங்கள் எழும்பிப் போங்கள், கண்ணுகளே. உங்கள் வாசலில் முதல் மழை விழும்போதெல்லாம் மண் மணக்கட்டும். உங்கள் வீட்டுப் பெண்களின் சட்டைக் கைக்குள் வளையலைத் தவிர ஒன்றும் இல்லாதிருக்கட்டும்.