வாலே, விருந்தாளி

புவனேஷ் தென்காசிப் பக்கத்து வடகரைக்காரன். சென்னை விடுதியில் பக்கத்து அறைக்காரனை “சாப்பிட வருதியா?” என்று கேட்ட ஒரே குற்றத்துக்காக, படிப்பு முடியும்வரை எல்லாரும் அவனை ‘வருதியா’ என்றே கூப்பிட்டார்கள். பயல் நாக்கைத் தேய்த்துத் தேய்த்து, ஊர்ப்பேச்சின் வாடையே இல்லாமல் பண்ணிக்கொண்டான். ஊருக்கு வந்தாலும் டிவி செய்தி வாசிக்கிற மாதிரிதான் பேச்சு.

இப்போது வட்டார வழக்குக்கு மவுசு வந்துவிட்டது. குற்றாலம் ஐந்தருவிப் பக்கம் ரிசார்ட் திறந்த கோயம்புத்தூர் முதலாளி, ‘மண்ணின் மொழியில்’ வரவேற்க உள்ளூர் ஆள் தேடி, புவனேஷை மேனேஜராக்கினார். பேச்சை மறந்தவன் என்ன செய்வான்? ரீல்ஸ் பார்த்துப் படித்தான். எதற்கும் ஒரு ‘லே’ போட்டால் தென்காசி ஆகிவிடும் என்று முடிவுகட்டினான்.

“வர்றவங்க எல்லாரையும் ‘வாலே’ன்னுதான் கூப்பிடணும்” என்று ஊழியர்களுக்கு வகுப்பெடுத்தான்.

வரவேற்பில் நிற்கும் இலத்தூர் சங்கரேஸ்வரி சிரித்துவிட்டாள். “மூத்தவங்கள அப்படி வாடா போடான்னு சொன்னா பல்லக் கழட்டிருவாவ சார்.”

“உங்களுக்கு பிராண்டிங் தெரியாது.”

சாரல் தொடங்கியது. தாம்பரத்தில் இரும்புக் கடை வைத்திருக்கும் பலவேசம் அண்ணாச்சி, சொந்த ஊர்ப் பக்கம் குளிக்க வேனில் குடும்பத்தோடு வந்திறங்கினார். புவனேஷ் பல்லெல்லாம் தெரிய, “வாலே! சொகமாலே?” என்றான்.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். “யாரப் பாத்து வாலேன்னு சொல்லுத? எவன் பெத்த புள்ளலே நீ? ஒங்கய்யாவயும் இப்படித்தான் கூப்பிடுதியா?”

புவனேஷுக்குச் சென்னைப் பேச்சும் வரவில்லை, ரீல்ஸ் பேச்சும் வரவில்லை. “தெரியாமச் சொல்லிட்டேன் அண்ணாச்சி, மனசுல வச்சுக்கிடாதிய” என்று இத்தனை வருடம் பூட்டி வைத்திருந்த ஊர்ப்பேச்சு தானாக வந்து விழுந்தது.

சுற்றி நின்ற பெங்களூர்க்காரர்கள் நாடகமென்று நினைத்துக் கைதட்டினார்கள். அவர்கள் எடுத்த வீடியோ பரவியது. முதலாளிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. “டெய்லி இதப் பண்ணுங்க!” என்றார். திட்டுகிற வேலையைச் சங்கரேஸ்வரி தானே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இப்போது தினமும் மத்தியானம், வேன் வந்ததும், அவள் வாய் நிறையத் திட்டுகிறாள். அவன் கோட்டு சூட்டோடு கும்பிட்டு நிற்கிறான். “கொஞ்சம் கொறச்சுக்கிடும்மா” என்று கெஞ்சிப் பார்த்தான். “சனம் ரசிக்குதுல்லா சார்” என்று அடுத்த நாள் இன்னும் கூட்டினாள்.

வீடியோவைப் பார்த்துவிட்டு அம்மா ஃபோன் பண்ணினாள். “ஒம் பேச்சு நல்லாத்தாம்லே இருக்கு. ஆனா ஏன் கும்பிட்டுக்கிட்டே பேசுத?”

 வெளியே வேன் ஹாரன் அடித்தது. கோட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு போனான்.