நாற்பதாவது கேள்வி

மறதித் தேர்வு ஜூன் மாதம் இரண்டாவது சனிக்கிழமை. நாற்பது கேள்வி, இருநூறு மார்க். தப்பாக எழுதினால் ஐந்து. சரியாக எழுதினால் சைபர். ஒன்றும் எழுதாமல் வெள்ளைத்தாளை நீட்டினால் திருத்த மாட்டார்கள். சும்மா இருக்க யாரால்தான் முடியாது? அதிக மார்க் வாங்குகிற பதினோரு பேருக்கு ஆற்றங்கரை முதியோர் இல்லத்தில் கட்டில். மற்றவர்கள் அடுத்த ஜூனில் வந்து பார்க்க வேண்டியதுதான்.

குற்றாலிங்கத்தால் அடுத்த ஜூன் வரை தாக்குப்பிடிக்க முடியாது. அவனுக்கு ஐம்பத்தேழு வயது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பம்புசெட் சாமான் கடை. அம்மா உலகம்மாள் டீச்சருக்கு எண்பத்திரண்டு. மார்ச் மாதத்தில் ஒரு நாள் கேஸைத் திறந்துவிட்டு வீடு முழுக்கத் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தாள். தீப்பெட்டி அவள் கையிலேயே இருந்தது. அது அவளுக்குத் தெரியாததால்தான் வீடு இன்னும் இருக்கிறது. அன்றிலிருந்து கடையில் போன் அடித்தால் எடுப்பதற்கு முன்பே செருப்பை மாட்டிக்கொள்வான்.

காலை எட்டரைக்கெல்லாம் குடையை எடுத்துக்கொண்டு அம்மா பள்ளிக்கூடம் கிளம்பிவிடுவாள். பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். நேரே மேடை ஏறி மாப்பிள்ளையிடம், "எந்திரிடே. பேசுதவன் பேரையெல்லாம் போர்டுல எழுது" என்பாள். மாப்பிள்ளை எழுந்துவிடுவான். எட்டுக் கல்யாண ஆல்பங்களில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில் நிற்கிறாள். அதுகூடப் பரவாயில்லை. ஒரு நாள் தெரு மாறிப் போய், பைபாஸ் ரோட்டில் லாரிகளை ஒழுங்காக வரிசையில் நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். லாரிகள் நின்றன. அடுத்த தடவையும் நிற்கும் என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்? மனைவி சண்முகவடிவுக்கு முழங்காலில் ஆபரேஷன். பின்னால் ஓட முடியாது.

தேர்வு விண்ணப்பத்தோடு ஒரு சான்றும் கேட்டார்கள். இல்லத்துக்குப் போகிறவர் பேரில் வெளியே எதுவும் இருக்கக் கூடாதாம். வீட்டைத் தன் பேருக்கு மாற்றினான். கேஸ், கரண்ட், தண்ணீர்க் குழாய், ரேஷன் கார்டு எல்லாம் மாறின. கடைசியில் துளசிச் செடி அம்மா பேரில் இருப்பது தெரிந்தது. அதற்கு இரண்டு நாள் அலைந்தான். சார்பதிவாளர் அலுவலகத்தில் அம்மா ஒவ்வொரு பக்கமும் அழகாகக் கையெழுத்துப் போட்டாள். நாலாம் பக்கத்தில் தெற்கு எல்லையும் வடக்கு எல்லையும் இடம் மாறியிருந்ததைக் கண்டுபிடித்து எழுத்தரை எழுந்து நிற்க வைத்தாள்.

குற்றாலிங்கத்துக்கு அங்கேதான் பயம் பிடித்தது. பேனா கையில் இல்லாதவரை அம்மாவின் மறதி பிரமாதம். கையில் கொடுத்தால் போயிற்று.

மறதிக்குப் பயிற்சி கொடுக்க ஊரில் ஆவுடையப்பன் சார் ஒருவர்தான். மாவு மில்லுக்கு மாடியில் வகுப்பு. இருபது முதியவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"தெரியாதுன்னு மட்டும் எழுதிரக் கூடாது," என்றார் ஆவுடையப்பன். "தெரியலைங்கிறது தெரிஞ்சிருக்குன்னு ஆயிரும். மார்க்கைக் குறைச்சிருவான். இன்னைக்கு என்ன கிழமைன்னு கேட்டா புடலங்காய்னு எழுதணும். யோசிக்காம எழுதணும்."

அம்மா கையைத் தூக்கினாள். "சார், புடலங்காய் கிழமை இல்லையே."

"அதான் டீச்சர் விடை."

"அப்ப கேள்விய மாத்துங்க."

ஆவுடையப்பன் அவனைப் படிக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். "அண்ணாச்சி, ஒங்க அம்மைக்கு அடிப்படையே சரியில்ல. வீட்ல வச்சுப் பழக்குங்க. முக்கியமா ஒங்களப் பத்தின கேள்வி. அது வருஷா வருஷம் வரும்."

தினமும் சாயங்காலம் காபிக்குப் பிறகு பழக்கினான். விடைகளைத் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டான்.

"நான் யாரு?"

"குத்தாலம்."

"தப்பும்மா."

"ஏல, ஒன்னைய எனக்குத் தெரியாதா?"

"தப்பும்மா."

நாலு நாள் இப்படியே போயிற்று. நாலு நாளும் சைபர். ஐந்தாம் நாள் ஸ்டூலில் ஏறி ட்யூப்லைட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். அம்மா அண்ணாந்து பார்த்தாள். "யாரு, பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனா? அப்படியே அந்த ஸ்டார்ட்டரையும் பாத்துட்டுப் போப்பா."

பக்கத்து வீட்டில் எலக்ட்ரீஷியன் யாரும் கிடையாது. மாசிலாமணி என்கிற வயசாளியும் அவர் மனைவி பூரணமும் மட்டும்தான். பிள்ளைகள் இல்லை. குற்றாலிங்கம் ஸ்டூலில் நின்றபடியே "சரிம்மா" என்றான். இறங்கிப் போய்க் கால் கிலோ அல்வா வாங்கி வந்தான். அம்மா அல்வாவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், விடையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல மாணவிக்கு ஒரு தடவை சொன்னால் போதும்.

எப்போதாவது ஒரு தடவை சறுக்கும். சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பாள். சட்டென்று நிமிர்ந்து, "ஏல குத்தாலம், சாப்ட்டியா?" என்பாள்.

"தப்பும்மா."

"ஆமா. எலக்ட்ரீஷியன்." இடது கையால் தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொள்வாள்.

"சாப்டாச்சா இல்லையான்னு சொன்னா என்ன கொறைஞ்சா போயிருவீங்க?" என்றாள் சண்முகவடிவு அடுக்களையிலிருந்து.

"பரீட்சைக்கு இன்னும் ஒம்போது நாள்தான் கெடக்கு," என்றான் குற்றாலிங்கம்.

தேர்வு பெண்கள் கல்லூரியில். பெல் அடித்ததும் முதியவர்கள் உள்ளே போனார்கள். துணைக்கு வந்தவர்களை வராந்தாவில் உட்கார வைத்து ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். அதிலும் நாற்பது கேள்வி. அழைத்து வந்த முதியவரைப் பற்றியவை. எதையும் வெறுமனே விடக் கூடாது என்று மேலே தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

அம்மா முதலில் வேலை பார்த்த ஊர் எது? அம்பாசமுத்திரம் என்று எழுதினான். அம்மாவின் தாயார் பெயர்? ஆச்சி என்று எழுதினான். அம்மாவுக்குப் பிடித்த பலகாரம்? அல்வா. நீல டிரங்குப் பெட்டியில் என்ன வைத்திருக்கிறார்? போர்வை. அம்மா கடைசியாக அழுதது எப்போது? அப்பா இறந்தபோது. இப்படியே எழுதிக்கொண்டு போனான். அவன் கண் படிவத்தில் இல்லை, ஜன்னலில் இருந்தது. உள்ளே அம்மா தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். பதினொரு மணிக்கு எழுந்து நின்று அடிஷனல் ஷீட் கேட்டாள். பதினொன்றரைக்கு இன்னொன்று கேட்டாள். பன்னிரண்டுக்கு நூல் கேட்டாள், தாள்களைக் கட்டுவதற்கு.

"எப்படிம்மா?"

"ஈஸிடே. முப்பத்தொம்போதும் சரி. நாப்பதாவதுதான் கொஞ்சம் இடிச்சுது."

"என்ன கேட்டான்?"

"உங்களுடன் வந்திருப்பவர் யார்னு கேட்டான். எலக்ட்ரீஷியன்னு எழுதினேன். மனசே கேக்கல." குடையை விரித்தாள். "ஆனா நீதானல குத்தாலம், மத்ததெல்லாம் தப்புன்னு சொல்லிக் குடுத்தே."

வெயிலில் இருவரும் பஸ்ஸுக்கு நின்றார்கள்.

வியாழக்கிழமை கல்லூரிச் சுவரில் பட்டியலை ஒட்டினார்கள். உலகம்மாள், ஐந்து மார்க், கடைசிக்கு முந்தின இடம். குற்றாலிங்கம், நூற்றுத் தொண்ணூறு, எட்டாவது இடம். துணைக்கு வந்தவர்களின் படிவமும் விடைத்தாள்களோடு ஒரே கட்டாகத்தான் இருந்தது. அதே பேனாவால்தான் திருத்தினார்கள். தெரிந்து மறந்ததா, முதலிலிருந்தே தெரியாததா என்று பார்த்துக்கொண்டிருக்கத் திருத்துகிறவர்களுக்கு நேரம் கிடையாது. அவன் சரியாக எழுதியது இரண்டே இரண்டு: அம்மாவின் பெயர், காபிக்குச் சீனி வேண்டாம் என்பது.

"எப்படியோ நம்ம வீட்டுக்கு ஒரு கட்டில் வந்துச்சே," என்றாள் சண்முகவடிவு.

"அம்மாவை யாரு பாத்துக்கிடுவா?"

"நீங்க இருந்தப்ப மட்டும் யாரு பாத்தா?"

மறுபடியும் சார்பதிவாளர் அலுவலகம், அதே எழுத்தர். வீடு, கேஸ், கரண்ட், துளசிச் செடி எல்லாம் அம்மா பேருக்குத் திரும்பின. காப்பாளர் என்ற இடத்தில் அம்மா கையெழுத்துப் போட்டாள். பெட்டியை அவளே கட்டினாள். நாலு வேட்டி, நாலு பனியன், ஒரு சிலேட்டு.

இல்லத்தில் ஒழுங்கு ஒன்றே ஒன்றுதான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்லக் கூடாது. பதில் சொன்னவருக்குக் கட்டில் கிடையாது. வார்டன் நோட்டோடு வாசலிலேயே நிற்பார். குற்றாலிங்கம் எட்டாம் நம்பர் கட்டிலில் படுத்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆறு கண்ணில் ஏறவில்லை. இந்நேரம் அம்மா எந்த ரோட்டில் நிற்கிறாளோ, அடுப்பை அணைத்தாளோ. போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அடிக்கிற போனைவிட அடிக்காத போன் மோசம்.

ஆடி பிறந்தது. கல்யாணம் இல்லை, மண்டபத்தைப் பூட்டிவிட்டார்கள். முதல் தேதி எட்டரை மணிக்கு அம்மா குடையோடு இல்லத்துக்குள் வந்தாள். வார்டன் வருகைப் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார். அம்மா ஒவ்வொரு பெயராக வாசித்தாள். பத்துப் பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"குற்றாலிங்கம்."

துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டான். அம்மா ஆப்சென்ட் போட்டாள். மறுநாளும் போட்டாள். மூன்றாம் நாள் சிவப்பு மையில், பெற்றோரை அழைத்து வரவும் என்று எழுதி மடித்து, வீட்டுக்குக் கொண்டுபோனாள். அங்கே அதைப் பிரித்துப் படித்தாள். மறுநாள் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள்.

வார்டன் இரண்டு நாற்காலி போட்டார். அம்மா ஒன்றில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு எழுந்துபோய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நீங்கதான் குற்றாலிங்கத்தோட அம்மாவா? ஒங்க பையன் கூப்பிட்டா பதிலே சொல்ல மாட்டேங்கான்."

முதல் நாற்காலிக்கு மாறினாள். "வீட்ல நல்லா பேசுவான் டீச்சர்."

"இங்க வாயே தொறக்கல."

"முழுப் பேரச் சொன்னா அவனுக்குப் பயம். நான் கூப்பிடுற மாதிரி கூப்பிட்டா ஏன்னு கேப்பான்."

"எங்க, கூப்பிடுங்க பாப்போம்."

அம்மா எழுந்து எட்டாம் நம்பர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தாள். வார்டன் நோட்டைத் திறந்தார். "ஏல குத்தாலம்," என்றாள் அம்மா. "சாப்ட்டியா?"

"இன்னும் இல்லம்மா," என்றான் குற்றாலிங்கம்.

வார்டன் குறித்துக்கொண்டு பாயைச் சுருட்டினார்.

வாசலில் ஒரு பதிவேடு இருந்தது. வெளியே போகிறவர் யார், அழைத்துப் போகிறவருக்கு என்ன வேண்டும் என்று எழுத வேண்டும். அம்மா பேனாவை வாங்கினாள். நிமிர்ந்து அவன் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். உதடு குவிந்தது. பிறகு இடது கையால் தலையில் ஒரு குட்டு வைத்துக்கொண்டு, எலக்ட்ரீஷியன் என்று எழுதினாள்.

"இப்பச் சரியா?"

"சரிம்மா," என்றான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஹால் ஃபேனைக் காட்டினாள். ஒரு வாரமாகச் சுற்றவில்லையாம். சண்முகவடிவு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். கழற்றிப் பார்த்து, கடைக்குப் போய் வந்து, மாட்டி ஓட்டிக் காட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அம்மா கொஞ்ச நேரம் ஃபேனுக்குக் கீழே நின்று பார்த்தாள்.

"நாளைக்கும் வந்துட்டுப் போப்பா. கிரைண்டரும் ஓட மாட்டேங்கு."

கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

குற்றாலிங்கம் பக்கத்து வீட்டுக்குப் போனான். கதவு திறந்தே இருந்தது. பூரணம் மூன்று தட்டு வைத்துச் சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள். மாசிலாமணி தலை நிமிரவில்லை.

"ஒரு ஃபேனுக்கு இவ்வளவு நேரமால?" என்றார்.

குற்றாலிங்கம் டெஸ்டரை அலமாரியில் அதன் இடத்தில் வைத்தான். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"கண்டன்சர் போயிருந்துச்சுப்பா," என்றான்.