ஆறாம் வகுப்பின் நான்காவது தலைவி

ஆறாம் வகுப்பின் மூன்றாவது தலைவன் செவ்வாய்க்கிழமை விமானம் ஏறிவிட்டான். ஆக்லாந்து. அவனுக்கு முந்தியவள் சிட்னி. அதற்கும் முந்தியவன் வான்கூவர்.

இரண்டாயிரமாம் ஆண்டு. ஃபிஜித் தலைநகர் சுவாவில் ஆட்சியை இறக்கத் துப்பாக்கியோடு நாடாளுமன்றத்தில் புக வேண்டியிருந்தது. லம்பாசாவின் இந்தத் தொடக்கப்பள்ளியில் அவ்வளவு சிரமமில்லை. ஒரு விசா போதும்.

"வெள்ளிக்கிழமை எஜுகேஷன் ஆபீஸர் வர்றாரு," என்றார் ஹெட்மாஸ்டர் அப்பல்சாமி. "மாணவர் பங்கேற்பைப் பாக்கணுமாம். இந்தத் தடவை ஓடாத பிள்ளையாப் பாத்து ஜெயிக்க வைங்க, மேடம்."

"அதுக்குப் பேரு எலெக்ஷன் இல்லையே, மாஸ்டர்."

"அட, நாட்டுலயே இல்ல. கிளாஸ்ல எதுக்கு?"

வகுப்பாசிரியை ப்ரேமிலா பேச்சை விட்டுவிட்டு வகுப்புக்கு நடந்தாள். அவளுடைய பன்னிரண்டு வருட வேலைச் சான்றிதழ் அவர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. பதவி உயர்வுக்கு என்று சொல்லியிருந்தாள். உண்மையில் அது பிரிஸ்பேன் வேலைக்கு. ஓடுகிறவர்களுக்குக் கையெழுத்துப் போடுவதில்லை என்பது அப்பல்சாமியின் கொள்கை. திங்கள்தோறும் கொடிக்கம்பத்தடியில் அதை முழங்குவார். வெயிலில் இரண்டு பிள்ளைகள் மயங்கி விழுந்த பிறகுதான் நாட்டுப்பற்று ஓயும்.

வெள்ளிக்கிழமை. கடைசி பெஞ்சில் ஆபீஸர், பக்கத்தில் ஹெட்மாஸ்டர். புதிதாக ஜெயித்த நிலேஷ்னி எழுந்து ஹிந்தியில் படபடத்தாள்.

"மேடம், நேத்து ஒரு தீர்மானம் போட்டோம். ஊரை விட்டுப் போறவங்க பேரையும் மாசத்தையும் போர்டுல எழுதணும். முப்பத்தோரு ஓட்டு, எதிர்ப்பு ரெண்டு."

"எதுக்கும்மா?"

"சொல்லாமப் போயிடறாங்க. அவங்களையும் சேத்து சாக்கர் டீம் போட்டுட்டு நாங்க முழிக்கறோம்."

ஆபீஸர் ரசித்துத் தலையாட்டினார். ஏழு பிள்ளைகள் வந்து எழுதினார்கள். பிறகு நிலேஷ்னி சாக்பீஸை ப்ரேமிலாவிடம் நீட்டினாள்.

"டீச்சருக்கும் உண்டு, மேடம்."

"எங்க மேடம் எங்கயும் போக மாட்டாங்க!" ஹெட்மாஸ்டர் பெருமையாகச் சிரித்தார்.

இல்லை என்று தலையசைத்தால் போதும். மாலையே கையெழுத்து. ஆனால் முப்பத்து மூன்று முகங்களும் அவளையே பார்த்தன. ஒரு வருடமாகக் குடிமைப் பாடம் நடத்திய பாவத்துக்கு, எழுதினாள்: ப்ரேமிலா. டிசம்பர்.

அப்பல்சாமியின் சிரிப்பு நின்றது. "அந்தச் சான்றிதழை மறந்துடுங்க," என்றார் பல்லுக்குள்.

மூன்றாவது வரிசையில் ஷைனல் எழுந்தாள். ஹெட்மாஸ்டரின் மகள்.

"உக்காரும்மா," என்றார் அவசரமாக.

"நான் எதிர்த்துத்தான் ஓட்டுப் போட்டேன்பா. ஆனா தோத்துட்டேனே. தோத்தவங்களும் தீர்மானத்தைக் கேட்டு நடக்கணுமாம்."

நிதானமாக எழுதினாள்: ஷைனல், அம்மா, அப்பா. நவம்பர். மெல்போர்ன்.

ஆபீஸர் பேனாவைத் திறந்தார். அவர் அறிக்கையில் எழுத இவ்வளவு பங்கேற்பு இதுவரை கிடைத்ததில்லை.

மூன்று மணிக்கு அப்பல்சாமி தாமே வகுப்பறைக்கு வந்தார். சான்றிதழில் மை கூடக் காயவில்லை.

"போட்டுட்டேன் மேடம். அந்தக் கடைசி வரியை மட்டும் அழிச்சிடுங்க. திங்கக்கிழமை நான் பேசணுமில்ல."

ப்ரேமிலா காகிதத்தை வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

"எனக்கு அதிகாரமில்ல மாஸ்டர். அதுக்கு இன்னொரு தீர்மானம் வேணும். நிலேஷ்னியக் கேளுங்க."

நிலேஷ்னி வெளியே நெட்பால் ஆடிக்கொண்டிருந்தாள். ஹெட்மாஸ்டர் ஆடுகளக் கோட்டுக்கு வெளியே போய்க் கைகட்டி நின்றார். ஆட்டம் முடிய இன்னும் எட்டு நிமிடம் இருந்தது.