பாதிப் பிள்ளை

...ஒன்று என்றுதான் இருக்கிறது, கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாலும் ஒன்றுதான், உயர்கல்வி பயிலும் பிள்ளைகள், ஐம்பது விழுக்காடு, ஒன்று... சென்ற ஆண்டின் விவரங்களை இணைய வருமானவரிப் படிவம் தானாகவே நிரப்பித் தந்திருக்கிறது, அவற்றை அன்று எழுதியவள் என் மனைவி குவீ பின், கண்புரை அறுவை நடந்ததால்தான் இம்முறை அவளுடைய படிவம் என் கைக்கு வந்தது. பிள்ளைக்கான வரிக்கழிவை ஆளுக்குப் பாதியாகப் பிரிக்கலாம் என்று திட்டமிட்டவனே நான், எங்கள் மகன் ஸூ ஹெங் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஆண்டில், எட்டாயிரம் ரிங்கிட்டில் எனக்கு நாலாயிரம், அவளுக்கு நாலாயிரம்... மூன்றாம் ஆண்டில் விடுதியிலிருந்து இறங்கிப் போனவன் திரும்பவில்லை, காவல்துறையும் கைவிட்டது, உடனே என் பாதியை நீக்கினேன். வராத மாணவனுக்கு வருகை போடும் ஆசிரியனை நான் மன்னித்ததே இல்லை, என் வீட்டிலேயே, நான்கு ஆண்டுகளாகவா?

“பின், பிள்ளை ஒண்ணுன்னு போட்டிருக்கியே, அவன் எங்க படிக்கிறான்? கண்டுபிடிச்சா அபராதம், தெரியுமில்ல?”

“வாத்தியாரே, உங்க பாதிய நீங்க தூக்கிப் போட்டீங்க. என் பாதிய நான் வச்சிருக்கேன்,” என்றாள் அடுப்படியிலிருந்தே. “பரீட்சைத் தாள் திருத்துற மாதிரி திருத்தாம, ரசீதுங்களப் பாருங்க.”

ரொட்டி டின்னில் ரசீதுகள், மருத்துவர், புத்தகக் கடை, அப்புறம் இது... ஓட்டச் சப்பாத்து, ஆண்களுக்கானது, அளவு ஒன்பது. விளையாட்டுக் கருவிக்குக் கழிவுண்டு, சப்பாத்துக்குக் கிடையாது, எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! ஆனால் என் கால் ஏழு, ஸூ ஹெங்கின் கால் எட்டு.

“கால் வளராதா?” என்றாள்.

தேதியைப் பார்த்தேன், சென்ற ஆண்டுச் சிங் மிங். அன்று முன்னோர் கல்லறையைத் துப்புரவாக்கி, இறந்தோர் பெயரெழுதிய உறையில் தாளாடைகளை எரிப்போம், எல்லோரும் இறங்கிப் போன பிறகு நான் மட்டும் திரும்பிச் சென்று இன்னோர் உறையை எரித்தேன், ஸூ ஹெங் என்றெழுதி, தாள் சப்பாத்து ஒரு சோடி வைத்து... அவளிடம் சொல்லவில்லை, எவரிடமும் சொல்லவில்லை. பிற்பகல் மூன்று மணி இருக்கும். ரசீதில் மூன்று பத்து.

“அந்தச் சப்பாத்து எங்க?”

“வாசல்லதான் வச்சேன். போட்டுக்கிட்டுப் போயிட்டான் போல.”

கேலியா? எங்கள் தைப்பிங் ஊரின் மழையிருட்டில் அவள் முகம் தெரியவில்லை, அடுப்படியில் விளக்கும் போடவில்லை. இந்த ஒன்றை அழித்தால் அவளுடைய மகனைக் கொன்றவன் நான், அழிக்காமல் அனுப்பினால் பொய்யன், இரண்டில் எது... முறையான படிவம் எப்படியிருக்கும் என்று காட்டிவிட்டே அழிக்கலாமென, மார்ச்சில் அனுப்பிய என் படிவத்தைத் திறந்தேன்.

ஐம்பது விழுக்காடு, ஒன்று.

நீக்கினேனே! அதற்கு முந்தைய ஆண்டு, ஒன்று, அதற்கும் முந்தையது, ஒன்று, ஒவ்வொன்றின் அடியிலும் ‘மேற்கண்டவை யாவும் உண்மை’ என்ற என் உறுதிமொழி... என் கைதானா? அவளிடம் ஒரு பாதி, என்னிடம் ஒரு பாதி, அப்படியானால் இத்தனை ஆண்டும் அவன் முழுதாகவே இவ்வீட்டில்... சுட்டி அந்த ஒன்றின்மேல் நிற்கிறது, விரல் அழுந்தவில்லை, பின்னால் குவீ பின் சாப்பாட்டு மேசையில் கிண்ணங்களை வைக்கும் ஓசை, ஒன்று, இரண்டு... எண்ணுவதை நிறுத்திக்கொண்டேன்.